ஆறு மூடும் வாரம்

மாவுப் பசையில் தோய்த்த துணிப்பட்டையை ஜன்னல் இடுக்கில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்த உஸ்தினியா, மேல் மூலை எட்டாமல் நாற்காலியில் ஏறினாள்.

“மேல காத்துக்கு இருக்கற அந்தச் சின்னக் கதவை மட்டும் ஒட்டிடாத அக்கா,” என்றான் கட்டிலில் கிடந்த நிக்கீஃபர்.

“ஒட்டாம? ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ பதினெட்டு போகுதாம். ரேடியோல சொன்னான்.”

“மூச்சு முட்டுது. ஒரு வாரம் பொறுத்து ஒட்டிக்கயேன்.”

அந்த ஒரு வாரம் எதற்கான கணக்கு என்று அவள் கேட்கவில்லை. பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

நிக்கீஃபருக்கு நாற்பத்தொன்பது வயது. யாகுட்ஸ்க் நகரத்தின் வெந்நீர்க் குழாய்களோடு இருபத்தாறு வருடம் உழைத்தவன். தரைக்கடியில் உறைந்த மண் என்பதால் குழாய்கள் தெருவுக்கு மேலே, தலைக்கு மேலே போகிற ஊர். செப்டம்பரில் கொதிகலன்களைப் பற்றவைத்தால் எந்த மூட்டு கசியும், எது மே மாதம் வரை தாங்கும் என்று கையால் தட்டியே சொல்லிவிடுவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிப்ரவரியில் ஈரலில் கட்டி என்றார்கள். கோடையில், இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அக்காவின் மூன்றாம் மாடி வீட்டில், ஜன்னலையொட்டி, வெப்பக் குழாய் பக்கத்தில் கட்டில் போட்டுக் கொடுத்தாள் உஸ்தினியா.

“துறை வழியாத்தானே பஸ்ல வந்த? ஆறு எப்படி இருக்கு?”

“ஓரத்துல வெள்ளை கட்டியிருக்கு. நடுவுல கூழ் ஓடுது.”

“திப்பியா, தண்ணியா?”

“நான் என்ன இறங்கிக் கலக்கியா பார்த்தேன்?”

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி அடங்கப் பொழுதாயிற்று. “படகு ஓடுதில்ல?”

“ஓடுது.”

“பெரியக்கா இந்நேரம் மாட்டுக்கொட்டாய்ச் சுவத்துக்குச் சாணி பூசிட்டிருப்பா. மூணாவது பூச்சு. கை ரெண்டும் மரத்துப் போயிருக்கும். யாரையாவது திட்டிக்கிட்டே பூசுவா.”

உஸ்தினியா கிண்ணத்தைக் கழுவ அடுக்களைக்குப் போய்விட்டாள். அந்த வீட்டில் ஃபெக்லாவைப் பற்றிய பேச்சுக்குப் பதில் பேசுகிற வழக்கம் இல்லை. பதினொரு வருடமாக இல்லை.

மூத்தவள் ஃபெக்லா இருப்பது ஆற்றின் அக்கரையில், பிறந்த ஊரில். அம்மா அங்கேதான் செத்தாள். அதுவும் ஓர் அக்டோபர் கடைசியில், படகு நின்று, உறைந்த ஆற்றின் மேல் வண்டிகள் போகும் பனிப்பாதை இன்னும் திறக்காத நாட்களில். உஸ்தினியா சாவுக்குப் போகவில்லை. ஆறு குறுக்கே நின்றது என்று எல்லோரிடமும் சொன்னாள். ஒன்பதாம் நாள் படையலுக்குப் போனபோது ஊரார் முன்னால் ஃபெக்லா அவளைப் பார்த்து, “ஆத்து மேல பழியைப் போடாத. பனிமேல போற காத்துப்படகு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு,” என்றாள். அவ்வளவுதான். உஸ்தினியா இடுகாட்டுக்குக்கூடப் போகாமல் திரும்பினாள். அன்றிலிருந்து அக்கரைக்கும் இக்கரைக்கும் நிக்கீஃபர் மட்டும்தான் போய்வந்துகொண்டிருந்தான். போகும்போது தேயிலையும் மருந்தும் கொண்டுபோவான், வரும்போது வெண்ணெயும் வாளி நிறையச் செம்பழமும் கொண்டுவருவான். இரண்டு பக்கமும், “யார் குடுத்தா?” என்று கேட்டதில்லை.

ஃபெக்லா சொன்னது உண்மை. அம்மா சாகக் கிடந்த அன்று உஸ்தினியா துறைவரை போயிருந்தாள். கையில் சீட்டும் இருந்தது. காற்றுப்படகு இரைச்சலோடு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பனிக்கூழின் மேல் சறுக்கிப் போனதை ஒரு லாரிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். ஆற்றைக் கண்டு பயமில்லை. அம்மா மகள்களை அடையாளம் தெரியாமல், விடாமல் கத்திக்கொண்டிருக்கிறாள் என்று முந்தின நாள் போனில் சொல்லியிருந்தார்கள். அந்தக் குரலைக் கேட்கத்தான் பயம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஏரிக்கெண்டை வாங்கிவந்தாள். சந்தையில் மீன்காரிகள் பனிப்பெட்டிகளை மூட்டைகட்டிவிட்டு மீன்களைத் தரையிலேயே குவித்துவிட்டிருந்தார்கள். இனி மே மாதம்வரை ஊரே பனிப்பெட்டி. லார்ச் மரங்களின் மஞ்சள் ஊசியிலைகள் எல்லாம் கொட்டி முடிந்து, கார்களுக்கு அவரவர் கம்பளி போர்த்தத் தொடங்கியிருந்தார்கள். சூப் கொதித்ததும் கிண்ணத்தில் ஊற்றி, முள்ளெடுத்து, கரண்டியோடு கட்டிலருகே வந்தாள்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். ஒரு கை வெப்பக் குழாயின் மேல் விரிந்திருந்தது. அந்தக் கையைப் பிடித்து, “எழுந்து ரெண்டு வாய் குடி,” என்றாள். கை கதகதப்பாக இருந்தது. தூங்குகிறான் என்று நினைத்து, கிண்ணத்தைத் தட்டால் மூடிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய காலுறை ஒன்றைத் தைத்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்தபோதுதான் அறையில் தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்பது தெரிந்தது. நெற்றியைத் தொட்டாள். நெற்றி ஜன்னல் கண்ணாடியைப் போலிருந்தது.

எழுந்து மேலே திறந்திருந்த சின்னக் கதவைப் பார்த்தாள். சாத்தப் போனவள் சாத்தாமல் நின்றாள்.

பிறகு எல்லாம் எப்போதும் நடப்பதுபோல நடந்தது. மருத்துவ வண்டி வந்தது, காகிதம் எழுதினார்கள். எதிர்வீட்டுக்காரி சாவுவீட்டு வழக்கப்படி முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்குத் துணி போர்த்தினாள். குழாய்வேலைக்காரர்கள் நான்கு பேர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். உஸ்தினியாவின் மகன் அய்தால் வேலையிலிருந்து வந்து, எல்லோருக்கும் போன் செய்தான்.

“பெரியம்மாவுக்கும் சொல்லிட்டேன்,” என்றான்.

“என்ன சொன்னா?”

“‘சரி’ன்னாங்க. வெச்சிட்டாங்க.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுக்களை ரேடியோ, பனி கனத்துவிட்டதால் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கடைசிப் படகு என்றது. காற்றுப்படகும் இரண்டு வாரத்துக்கு இல்லை. அய்தால் தேநீரைக் கலக்கியபடி, நகரத்து இடுகாட்டில் இடம் எழுதிவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு என்று நண்பர்களுக்குச் சொல்லிவிட்டதாகவும் சொன்னான்.

“அவன் எங்க வைக்கணும்னு எப்பவாவது சொன்னானா?” என்று கேட்டாள் உஸ்தினியா.

அய்தால் கரண்டியை வைத்தான். “சொல்லாதேன்னாரு.”

“என்னன்னு சொல்லாதேன்னான்?”

“விடும்மா.”

“அய்தால்.”

“இங்கயே வெச்சிடுங்கன்னாரு. ‘அம்மா பக்கத்துல படுக்கணும்னா உங்கம்மா அக்கரைக்கு வரணும். அந்த வீட்டுவாசல்ல நிக்கணும். அவளுக்கு எதுக்கு அந்தச் சங்கடம்’னாரு. அப்புறம் சிரிச்சாரு. ‘அந்தப் பக்கம் மணலு, தோண்டறது சுலபம். இந்தப் பக்கம் தோண்டற பசங்க என்னைத் திட்டுவானுங்க, பொறுத்துக்கறேன்’னாரு.”

உஸ்தினியா மேசையில் சிந்திய தேநீரைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“உன் வேன்ல பின்னாடி சீட்டைக் கழட்ட முடியுமா?”

“முடியும். ஏன்?”

“கழட்டு.”

“அம்மா, போனா திரும்ப வர முடியாது. ரோடு திறக்க டிசம்பர் ஆகும். காத்துப்படகு விட்டாத்தான் ஆளாவது வரலாம். அதுவரைக்கும் நீ அங்க, பெரியம்மா வீட்டுல—”

“பனிக்காலத் துணி எல்லாம் எடுத்துக்கணும். உனக்கும் எடு.”

சனிக்கிழமை காலை துறையில் லாரிகள் ஒரு கிலோமீட்டருக்கு நின்றன. வைக்கோல், சிமெண்ட், உருளைக்கிழங்கு, ஒரு சோபா செட். புகைபோக்கிகளின் புகை வளையாமல் செங்குத்தாக நின்றது. ஆறு சத்தம் போட்டது. மணலை முறத்தில் போட்டு நிறுத்தாமல் புடைப்பதுபோன்ற சத்தம். ஓரம் மடிந்த அப்பங்களைப் போல வெள்ளை வெள்ளையாய் வட்டங்கள் ஒன்றோடொன்று உரசி, சுழன்று, போய்க்கொண்டேயிருந்தன. நடுவில் தெரிந்த தண்ணீர் கறுப்பு.

ஆரஞ்சுச் சட்டை போட்ட துறைக்காரன் வேனுக்கு முன்னால் கையை நீட்டினான். “இடமில்ல. முடிஞ்சது. திருப்புங்க.”

“உள்ள ஆள் இருக்கு அண்ணே,” என்றான் அய்தால்.

“எல்லா வண்டிலயும்தான் ஆள் இருக்கு.”

அய்தால் இறங்கிப் பின்கதவைத் திறந்து காட்டினான். துறைக்காரன் சவப்பெட்டியைப் பார்த்தான். தொப்பியைத் தொட்டான். ஆனாலும் தலையை ஆட்டினான். “மனசு இருக்கு தம்பி, பலகையில இடம் இல்லியே. ஒரு வண்டி அதிகமா ஏத்தினாலும் கேப்டன் என்னை ஆத்துல தள்ளிடுவாரு. பனி இடிக்குது.”

உஸ்தினியா வேனிலிருந்து இறங்கி நின்றாள். கெஞ்சுவதற்கு வாயைத் திறந்தாள். படகின் இறக்கத்தில், கடைசியாக ஏறியிருந்த லாரியின் கதவு திறந்தது. பருத்த ஆள் ஒருவர் தலையை நீட்டினார்.

“என்ன தகராறு அங்க?”

“சாவு வண்டி. அக்கரைக்காரங்க.”

“அப்ப என்னை இறக்கு.”

“யோவ், உன் லாரி முழுக்க முட்டைக்கோஸ். ரெண்டு வாரத்துல கல்லாயிடும்.”

“கல்லாகறதுக்குள்ள இங்கயே சந்தையில போட்டுட்டுப் போறேன். அக்கரையில என் பொண்டாட்டி ஒரு மாசம் நிம்மதியா இருக்கட்டும். பின்னாடி பாத்துச் சொல்லு, எடுக்கறேன்.”

லாரி முனகிக்கொண்டு பின்னால் வந்தது. வேன் அதன் பக்கவாட்டில் கடந்தபோது உஸ்தினியா கண்ணாடியை இறக்கினாள். அவர் அவளைப் பார்க்காமல், வேனின் பின்பக்கம் பார்த்து ஒருமுறை தலைகுனிந்துவிட்டு, சிகரெட் பற்றவைக்கத் திரும்பிக்கொண்டார்.

ஒரு மணிநேரத்துப் பயணம் மூன்றரை மணிநேரம் ஆயிற்று. படகு முட்டும், பின்வாங்கும், பக்கவாட்டில் நழுவும். இரும்பு அடிவயிற்றில் பனி உரசும் ஓசை காலணி வழியாக எலும்பில் ஏறியது. நடு ஆற்றில் ஒருமுறை எந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். பின்னால், நகரத்தின் மேல் மூடுபனி படுத்துக்கொண்டிருந்தது. அய்தால் பெட்டியின் மேல் போட்டிருந்த கம்பளி சரியாமல் ஒரு கையை அதன்மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். உஸ்தினியா பையிலிருந்து ஓர் அப்பத்தை எடுத்து, கொஞ்சம் பிய்த்து, ஓரமாகப் போய்க் கறுப்புத் தண்ணீரில் போட்டாள். மனதுக்குள் என்ன கேட்டாளோ, உதடு மட்டும் அசைந்தது. எந்திரம் மறுபடி உறுமியது.

அக்கரையில் திரும்பும் நடைக்காகப் பதினைந்து இருபது பேர் மூட்டைகளோடு நின்றார்கள். அவர்களில் முன்னால், ஆண்கள் போடும் கம்பளிக் காலணியோடு, தலையில் நரித்தோல் தொப்பியோடு குள்ளமாக ஒருத்தி நின்றாள். தோளில் பை. கையில் துணியில் பொதிந்த வெண்ணெய்க் கட்டி. வேன் இறங்கியதும் கடகடவென்று படகை நோக்கி நடந்தாள். பாதிவழியில் அய்தாலின் முகத்தைப் பார்த்து நின்றாள்.

உஸ்தினியா இறங்கினாள். பதினொரு வருடத்தில் அக்கா இவ்வளவு குட்டையாகியிருப்பாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

“எங்க கிளம்பின அக்கா?”

“எங்க கிளம்புவேன்? உன் வீட்டுக்குத்தான்.”

“போனா திரும்பி வரப் படகு இல்லியே. இன்னிக்கோட—”

“எனக்கும் காது இருக்கு. ரேடியோ இருக்கு.” ஃபெக்லா வேனின் பின்கதவையே பார்த்தாள். “அவனைக் குடுப்பியான்னு கேட்டுப் பார்க்கலாம்னு வந்தேன். குடுத்தா எப்படியாவது எடுத்துட்டு வரலாம். குடுக்கலேன்னா அங்கயே அவனுக்கு ஒரு பிடி மண்ணு போட்டுட்டு, ரோடு திறக்கற வரைக்கும் எங்கயாவது கெடக்கலாம்னு.”

“மாடு?”

“பக்கத்து வீட்டுல விட்டேன். அவ கறந்தா அதுங்க உதைக்கும். உதைக்கட்டும்.”

படகின் சங்கு ஊதியது. ஃபெக்லாவைத் தவிர மற்ற எல்லோரும் ஏறினார்கள். படகுக்காரன் ஒருவன், “பாட்டி, வரீங்களா இல்லியா?” என்று கூவினான். அவள் கையை மட்டும் அசைத்தாள், போ என்று.

“இனிமேத்தான் குழி வெட்டச் சொல்லணுமே,” என்றாள் உஸ்தினியா.

“நேத்தே வெட்டியாச்சு. அம்மாவுக்குப் பக்கத்துல.”

“நேத்தேவா? நாங்க வருவோம்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

“வெட்டின குழியைக் காலியா விடக்கூடாதுன்னு சொல்வாங்களே அக்கா.”

“விட்டா என்ன? எனக்கு ஆகும். வயசு அறுபது.” ஃபெக்லா தானே பின்கதவைத் திறந்து ஏறி, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வெண்ணெய்க் கட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் பலகையை ஒருமுறை தடவினாள். “எளச்சிட்டான்ல?”

“ரொம்ப.”

“ஆகஸ்டுல வந்தப்பவே பெல்ட்டுல புது ஓட்டை போட்டிருந்தான். கேட்டா, ஃபேஷன்னு சொல்றான். திருட்டுப்பய.”

வேன் கரையோரப் பாதையில் போயிற்று. வெட்டிய புல்வெளிகள் மேல் பொடிப் பனி. குதிரைகள் அடர்ந்த மயிரோடு அசையாமல் நின்றன. கால்மணிநேரம் ஓடியது. உஸ்தினியா முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னாள்:

“அன்னிக்கு, அம்மா போனப்ப... நான் துறை வரைக்கும் வந்தேன் அக்கா.”

“தெரியும்.”

உஸ்தினியா திரும்பினாள்.

“நிக்கீஃபர் அந்தப் படகுலதானே வந்தான். ஜன்னல் வழியாப் பார்த்திருக்கான். லாரிக்குப் பின்னாடி நின்னியாம். சிவப்பு மஃப்ளர்.”

“எப்பச் சொன்னான்?”

“அந்த வருஷமே. உன்மேல நான் கோபப்படக்கூடாதுன்னு சொன்னான். ‘வந்தா அக்கா, கரை வரைக்கும் வந்துட்டா’ன்னு. பைத்தியக்காரன்.” ஃபெக்லா வெளியே பார்த்தாள். “வராமலே இருந்திருந்தா நானும் ஆறுன்னு நெனச்சிருப்பேன்.”

பதினொரு வருடம் தேயிலையும் வெண்ணெயும் சுமந்தவன் தன்னிடம் இதை ஒரு வார்த்தை காட்டியதில்லை. உஸ்தினியா எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

“அய்தால், அந்தத் திருப்பத்துல மெதுவாப் போ,” என்றாள் ஃபெக்லா. “பள்ளம். அவனுக்குக் குலுங்கும்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடக்கம் நடந்தது. ஊர் ஆண்கள் ஆறு பேர் வெள்ளிக்கிழமை ஒரே பகலில் தீமூட்டி, இளக்கி, வெட்டிய குழி. சுவரில் மேலே ஒரு சாண் புதிதாக உறைந்த மண், நடுவே கோடையின் ஈர மணல், அடியில் என்றும் உருகாத பனி. நிக்கீஃபர் சொன்னது சரிதான், தோண்டச் சுலபமாகத்தான் இருந்ததாம். பக்கத்தில் அம்மாவின் சிலுவை சாய்ந்திருந்தது. உஸ்தினியா அதன் முன்னால் முதல்முறையாக நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். காற்றில் கண் மட்டும் கரித்தது. ஃபெக்லா பக்கத்தில் நின்று, யாரோ இருவரை, பெட்டியை இறக்கும் கயிற்றைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அதட்டிய குரல் நடுவில் உடைந்து நின்றது. கயிறு பிடித்தவர்கள் குனிந்துகொண்டார்கள்.

அன்று சாயங்காலம் ஃபெக்லா அடுப்பில் ஓர் அப்பத்தைப் போட்டு நெருப்புக்குக் கொடுத்தாள். சாப்பாடு முடிந்து ஊரார் போனபின், மரக்கட்டிலில் உஸ்தினியாவுக்கு மான்தோலை விரித்தாள்.

“அக்கா, அன்னிக்கு நான் திரும்பினது—”

“மாடு கத்துது,” என்று ஃபெக்லா வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மாடு கத்தவில்லை. அவள் வர நேரமாயிற்று.

வாரம் போயிற்று. அய்தால் வேலிக் கம்புகளைச் செப்பனிட்டான். ஆற்றின் சத்தம் ஒருநாள் காலை நின்றுபோயிருந்தது. சகோதரிகள் கறவை, விறகு, தீனி, உப்பு பற்றிப் பேசினார்கள். கொட்டாய்ச் சுவரின் நான்காவது பூச்சை இருவரும் சேர்ந்து பூசினார்கள். உஸ்தினியா பூசிய இடம் திட்டுத்திட்டாக இருக்கிறது என்று ஃபெக்லா அதன்மேல் மறுபடி பூசினாள்.

ஒன்பதாம் நாள் படையலுக்கு நல்ல தண்ணீர் வேண்டியிருந்தது. ஏரிக்குப் போனார்கள். பனி கண்ணாடி போலிருந்தது. அடியில் பாசி அசைவது தெரிந்தது. ஆழத்தில் எங்கோ நீளமாய் ஒரு விரிசல் ஓடி, கரை தொட்டு அடங்கியது. உஸ்தினியா வாளியோடு கரையிலேயே நின்றுவிட்டாள்.

ஃபெக்லா நீண்ட இரும்புக் கோலால் ஓங்கி ஓங்கிக் குத்திப் பார்த்தபடி முன்னால் போனாள். ஒரு குத்து, ஓர் அடி. பத்தடி போனதும் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. கோலைத் தலைமாற்றிப் பிடித்து, அதன் மறுமுனையைப் பின்பக்கமாக நீட்டினாள்.

உஸ்தினியா வாளியைக் கீழே வைத்தாள். கையுறையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பனிமேல் இறங்கி நடந்து போய், கோல் நுனியைப் பிடித்தாள்.